நாலாம் அறையில் ஆள் இல்லை

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கொடுத்த பேனா நன்றாக ஓடுகிறது. பாதியில் மை நின்று, உதறி உதறி எழுத வைக்கிற பேனா இல்லை. நான் சொல்லச் சொல்ல எழுத்தர் அம்மா கம்ப்யூட்டரில் அடித்துக்கொள்வார் என்றீர்கள். வேண்டாம் ஐயா, நானே எழுதித் தருகிறேன் என்றேன். நாற்பத்து மூன்று வயதில் எழுத்துப் பழகியவன் நான். எழுத்து கோணலாக இருக்கும், அங்கங்கே ஒற்று விட்டுப்போயிருக்கும். விஷயம் கோணலாக இருக்காது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாலாம் அறைக் கதவை நான் மூடவில்லை. அதன்மேல் என் கைகூடப் படவில்லை. அது தானாக மூடிக்கொண்டது. அப்படி மூடிக்கொள்ளத்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் குளிர்க் கிடங்கில் மீன், இறைச்சி, பட்டாணி எல்லாம் உறைய வைத்து அடுக்கியிருக்கும். மூன்று அறைகளில் சாதாரணக் குளிர். நாலாவது அறை மட்டும் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து. அந்த அறை வாசலில் இருபத்தாறு வருஷம் நின்றவன் நான். அப்போது கதவோரம் ஒரு பலகை இருந்தது, அதில் முப்பது ஆணிகள். உள்ளே போகிறவன் தன் பித்தளை வில்லையை ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். வெளியே வந்ததும் அவனே எடுத்துக்கொள்வான். ஆணியில் வில்லை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம்.

ஒருவன் வில்லையை இன்னொருவன் தொடக் கூடாது. அண்ணன் தம்பியாக இருந்தாலும் தொடக் கூடாது. இது நான் வைத்த சட்டம். ஒருமுறை ஒரு டிராலிக்காரன் விளையாட்டுக்காகத் தன் கூட்டாளியின் வில்லையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எல்லார் முன்னாலும் அவன் கன்னத்தில் ஒன்று வைத்தேன்.

"சோத்துல விளையாடு, துணிமணில விளையாடு. ஆணில விளையாடாத. அது ஒருத்தன் உசுருடா," என்றேன்.

ஆணி காலியாக இருந்தாலும் நான் சும்மா கதவை மூட மாட்டேன். மரச் சுத்தியலால் கதவில் தட்டி, "உள்ள ஆளிருக்கா?" என்று மூன்று தடவை கூவுவேன். மூன்றாவது கூவலுக்குப் பிறகு பத்து எண்ணுவேன். அதற்குப் பிறகுதான் மூடுவேன். அதனால் எனக்கு 'மூணுகூவல்' என்று பெயர் விழுந்தது. மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமும் ஒன்று உண்டு. மாட்டிக்கொண்டால் கத்தாதே. அரை அடி கனத்துக் கதவு, கத்தினால் கேட்காது. மூன்று தட்டு தட்டு, நிறுத்து. மறுபடி மூன்று தட்டு. மூச்சை வீணாக்காதே, நான் வந்துவிடுவேன்.

இருபத்தாறு வருஷத்தில் ஒருவரைக்கூட நான் உள்ளே விட்டுப் பூட்டியதில்லை. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அசம்பாவிதம் நடந்தால்தானே எழுதுவார்கள்.

நடுவில் ஒரு மேனேஜர் வந்தார். யார் எப்போது உள்ளே போனார், எப்போது வந்தார் என்று நோட்டில் எழுத வேண்டும் என்றார். எனக்கு எழுத்துத் தெரியாது. வாசலிலிருந்து என்னைத் தூக்கிவிடுவார்கள் என்று பயந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போது என் மனைவியின் தம்பி எங்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். தாய் தகப்பன் இல்லாதவன், என் மனைவிதான் அவனை வளர்த்தாள். அவன் பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு, சமையலறைத் தரையில் என்னை உட்கார வைத்தான்.

"மாமா, எழுத்துன்னா பயப்படாதீங்க. ஆணில மாட்டுற வில்லை மாதிரிதான் இதுவும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளு," என்றான்.

ஐந்து மாதம். ஒரு நாள்கூட அலுத்துக்கொள்ளவில்லை. இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கிற எழுத்து அவன் கற்றுக்கொடுத்ததுதான். அதை நான் மறைக்கவில்லை. நீங்கள் நாலாம் அறையிலிருந்து தூக்கிக்கொண்டு போனது அவனைத்தான்.

படிப்பு முடிந்ததும் அவனைக் கிடங்கில் சேர்த்துவிட்டதும் நான்தான். டிராலி தள்ளினான். சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனான். எதற்கடா என்றேன். "இனிமே எல்லாம் அதுல தான் மாமா. கைய மட்டும் நம்பி இருக்க முடியாது," என்றான். நான் சிரித்தேன். பெட்டியைக் கம்ப்யூட்டரா தூக்கப் போகிறது என்று கேட்டேன். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. பதில் தெரிந்தவனாக இருந்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தத் திரை வந்தது. வில்லை போய் கார்டு வந்தது. கறுப்புப் பெட்டி ஒன்றில் கார்டை வைத்தால் கதவு திறக்கும், இன்னொன்றில் வைத்தால் ஆள் வெளியே வந்ததாகத் திரையில் ஏறும். உள்ளே எத்தனை பேர் என்று திரையே சொல்லும். எண்ணிக்கை பூஜ்யமானால் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ளும். உள்விளக்கும், உள்ளேயிருந்து அழைக்கிற மணியும் அணைந்துவிடும். ஆளில்லாத அறைக்கு விளக்கு எதற்கு, மணி எதற்கு என்று யோசித்திருக்கிறார்கள். படித்தவர்கள்.

வெளியேறும் பெட்டியை முதலில் அறைக்கு உள்ளேதான் வைத்தார்கள். ஒரே வாரத்தில் குளிரில் அது செத்தது. பிறகு வெளிச்சுவரில், நுழைகிற பெட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள். கார்டுகளும் குளிரில் விறைத்து உடைந்தன. அதனால் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நுழையும்போது கார்டை வைத்துக் கதவைத் திறந்துவிட்டு, கார்டைப் பழைய பலகையில் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்கள். யாரும் சொல்லித்தரவில்லை, கை பழகியிருந்தது. திரைக்கு இது தெரியாது. திரை கார்டைத்தான் எண்ணுகிறது, ஆளை எண்ணுவதில்லை. நான் இதை மச்சினனிடம் சொன்னேன். அதற்குள் அவன் திரைக்குப் பொறுப்பாளன் ஆகியிருந்தான், கண்ணாடித் தடுப்புப் போட்ட அறையில் உட்கார்ந்திருந்தான்.

"சரிதான் மாமா. மேல எழுதிப் போட்டிருக்கேன். ஆனா எவன் கார்ட எவன் எடுத்து வைக்கப் போறான்? உங்க சட்டம் இன்னும் இருக்குல்ல," என்றான்.

இருந்தது. சட்டம் இருந்தது, சட்டம் வைத்தவனைத்தான் எடுத்துவிட்டார்கள்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பதினோரு பேரைக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்தார். நான்கு நாள் பாடம், ஐந்தாம் நாள் பரீட்சை. நோட்டில் நான் எழுதிவந்த அதே விஷயத்தைத் திரையில் ஏற்றச் சொன்னார். பெயரைத் தேடி அடிப்பதற்குள் திரை இருண்டுபோகிறது. தொட்டால் வேறு எங்கோ போய் நிற்கிறது. என் விரல்கள் குளிரில் மரத்துக் காய்த்தவை ஐயா. கண்ணாடியைத் தொட்டால் கண்ணாடிக்கே தெரிவதில்லை. பயிற்சிக்காரர் என் விரலைப் பிடித்துப் பார்த்து, "இது விரலா, மரக்கட்டையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த விரலால் பிழைத்தவர்களும் சிரித்தார்கள். ஒன்பதாம் வருஷம் பெட்டிகளுக்குப் பின்னால் மயங்கிக் கிடந்தவனை, ஆணியில் வில்லை தொங்குகிறதே என்று தேடிப்போய் நான் இழுத்து வந்தேன். அவனும் சிரித்தான்.

மச்சினன் அன்று ஒரு வேடிக்கை சொன்னான். "எங்க மாமாகிட்ட மட்டும் பாஸ்வேர்ட் குடுத்திராதீங்க. கதவடைக்கும்போது மூணு தடவ கூவிச் சொல்லிருவாரு."

இருபத்தைந்துக்கு நான்கு. தாளைத் திருத்தியது அவன்தான். "வீட்டு ஆளுன்னு மார்க் போட்டா நாளைக்கு என்னையே கேப்பாங்க மாமா," என்றான். சரிதான், தப்பே இல்லை. அலுவலகக் கோப்பில் என் பெயருக்கு நேரே 'கணினித் திறன்: இல்லை' என்று எழுதினார்கள். என் நோட்டை வாங்கிக்கொண்டார்கள். கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். அந்த மூன்று வார்த்தையை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்தபோது என்னை யாரும் இப்படி எழுதவில்லை. எழுத்தைக் கொடுத்தவன் அவன். அந்த எழுத்தைச் செல்லாக்காசு ஆக்கியவனும் அவன். இதை அவன் அக்காவிடம் சொன்னேன்.

"அவன் என்ன பண்ணுவான், காலம் அப்படி. நீங்க வேணும்னா அவன்கிட்டயே உக்காந்து பழகிக்கங்களேன்," என்றாள்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை பழகினேன். அவனும் பொறுமையாகத்தான் இருந்தான். அந்தப் பொறுமைதான் எனக்கு ஆகவில்லை. ஒருவன் நம்மைப் பார்த்துப் பொறுத்துப்போகிறான் என்று தெரிவதைவிட, அவன் நம் கன்னத்தில் அறைந்தால் தேவலை.

துடைப்பத்தோடும் நான் கூவினேன். சாயங்காலம் கதவு சாத்துகிற நேரத்தில் வாசலில் நின்று மூன்று தடவை கூவுவேன். கிடங்கைப் பார்க்க வந்த வாடிக்கையாளர் பயந்துவிட்டார் என்று மெமோ கொடுத்தார்கள். 'திரை காட்டும் எண்ணிக்கையே இறுதியானது. பணியாளர் கூச்சலிடக் கூடாது.' கீழே மச்சினன் கையெழுத்து. அதையும் படித்தேன்.

பூட்டிய கதவையும் உள்ளேயிருந்து திறக்கிற கைப்பிடியில் பனி கட்டும். தினமும் இரும்புக் கம்பியால் நான் சுரண்டுவேன். திரையில் ஒரு வேலைப் பட்டியல் உண்டு, அதில் இந்த வேலை இல்லை. பட்டியலில் இல்லாததைச் செய்ய வேண்டாம் என்றார்கள். செய்யவில்லை. வெள்ளிக்கிழமை உள்ளே போய்ப் பார்த்தேன். கைப்பிடி இருக்கிற இடமே தெரியவில்லை, ஒரு முஷ்டி கனத்துக்குப் பனி. பார்த்துவிட்டு வந்துவிட்டேன். எதற்காகப் பார்த்தீர்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். சும்மாதான் பார்த்தேன். பழைய பழக்கம்.

சனிக்கிழமை ஒன்றரைக்கு எல்லோரும் போய்விட்டார்கள். இரண்டு மணிக்கு அடைத்தால் திங்கட்கிழமை காலைதான் திறப்பார்கள். நான் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மச்சினன் கண்ணாடி அறையிலிருந்து வந்தான். போனை மேஜையிலேயே வைத்திருந்தான், குளிரில் அது அணைந்துவிடும். கனத்த கோட்டும் போடவில்லை, மெல்லிய ஸ்வெட்டர்தான்.

"மாமா, கடைசி வரிசையில ஒரு சென்சார் தப்பா காட்டுது. பத்து நிமிஷத்துல வந்துர்றேன். சேந்தே வீட்டுக்குப் போலாம்."

கார்டை வைத்தான். கதவு திறந்தது. கார்டை ஆணியில் மாட்டினான், நான் இருபத்தாறு வருஷம் பார்த்த அதே மாதிரி. உள்ளே காலை வைத்தவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னிக்கு யாரும் இல்ல. ஆசைக்கு ஒருதரம் கூவிக்கங்க மாமா. மெமோ குடுக்க மாட்டேன்."

கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. கோபம் மூன்று வருஷமாக இருக்கிறது, அது எனக்குப் பழகிவிட்டது. கோபத்தில் செய்கிறவனுக்குக் கை நடுங்கும். எனக்கு நடுங்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன். கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். ஆணியிலிருந்து அவன் கார்டை எடுத்தேன். வெளியேறும் பெட்டியில் வைத்தேன்.

பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ஒன்று என்றிருந்தது பூஜ்யமானது. கதவு சாத்திக்கொண்டது. நான் தொடவில்லை என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா.

கேமராவைப் பற்றிக் கேட்டீர்கள். அது லாரி நிற்கிற பக்கம் பார்க்கிறது. பெட்டி காணாமல் போனால் தெரிய வேண்டும் என்று வைத்தது. ஆள் காணாமல் போவதற்கு அவர்கள் ஒன்றும் வைக்கவில்லை, அதற்கு நான் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டு வந்தது. அந்தக் கதவில் சத்தம் கேட்காது, உள்ளங்கையை வைத்தால் தெரியும். வயிற்றுக்குள் பிள்ளை உதைப்பது மாதிரி இருக்கும். மூன்று தட்டு, நிறுத்தம். மூன்று தட்டு, நிறுத்தம். நான் சொல்லிக்கொடுத்தபடியே தட்டினான். மூச்சை வீணாக்கவில்லை. நல்ல மாணவன்.

பிறகு அவன் கார்டைக் கண்ணாடி அறைக்குக் கொண்டுபோய் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். மேலேயே ஒரு தாள் இருந்தது. மேனேஜருக்கு அவன் கையால் எழுதியது. என் பெயர் இருந்தது, அதனால் படித்தேன். படித்து முடிக்க எனக்கு நேரமாகும் ஐயா, உங்களுக்குத் தெரியும். கதவுப் பொறுப்பை என்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருந்தான். திரை ஆளை எண்ணுவதில்லை, இவர் எண்ணுவார் என்று எழுதியிருந்தான். மூன்று கூவலையும் கைப்பிடி சுரண்டுவதையும் வேலைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றும், கணினி வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை தேதி போட்டிருந்தது.

ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். ஒரு வரிகூட விடவில்லை.

படித்த பிறகாவது திறந்திருக்கலாமே என்கிறீர்கள். என் கார்டுக்கு அந்தக் கதவு திறக்காது, துடைப்பக்காரன் கார்டு அது. அவன் கார்டுக்குத் திறக்கும். அவன் கார்டு என் கையில்தான் இருந்தது. ஆனால் திரையில் பூஜ்யம் என்று இருந்தது. திரை காட்டும் எண்ணிக்கையே இறுதியானது. ஆளில்லாத அறையைத் திறக்க எனக்கு என்ன அதிகாரம்? தாளின் மேல் கார்டை வைத்து இழுப்பறையைச் சாத்தினேன். திரும்பி வந்து மிச்சமிருந்த இடத்தைக் கூட்டினேன். உள்ளங்கையை இன்னொரு தரம் கதவில் வைத்தேன். அப்போதும் மூன்று மூன்றாகத்தான் வந்தது.

ஆறு மணிக்கு என் மனைவி, தம்பியைக் காணோமே, போன் அடித்துக்கொண்டே இருக்கிறதே என்றாள். ஒரு நடை கிடங்கில் பார்த்துவிட்டு வரலாம் என்று அவளே கிளம்பினாள். நானும் கூடப் போனேன். காவலாளி நல்ல மனுஷன். வாசல் அறைத் திரையை அவள் பக்கம் திருப்பியே காட்டினான்.

"பாருங்கம்மா, ஒண்ணு அம்பத்திரண்டுக்கு வெளிய போயிட்டாரு. நாலாம் ரூம்ல ஆள் இல்ல, பூஜ்யம்னு போட்டிருக்கு பாருங்க."

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க கூவிப் பாத்தீங்களா?" என்றாள்.

"இப்பல்லாம் கூவக் கூடாதும்மா," என்று எனக்குப் பதிலாகக் காவலாளியே சொல்லிவிட்டான்.

ஏழு மணி வரைகூட உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். நாங்கள் ஆறரைக்கு அங்கே இருந்தோம். அவள் அந்தத் திரைக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள். எங்கே போனானோ, வந்துவிடுவான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் சரி சரி என்றேன்.

திங்கட்கிழமை திறந்தார்கள். கதவோரம், கைப்பிடிக்குக் கீழே உட்கார்ந்தபடி இருந்தான். கைப்பிடிப் பனியில் பாதியைச் சுரண்டியிருந்தான்.

அதற்குப் பிறகும் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என்னைச் சந்தேகப்பட என்ன இருக்கிறது? பெருக்குகிறவன். என் மனைவி என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். காரியம் எல்லாம் முடிந்தது. நான் பேசாமல் இருந்திருப்பேன், சத்தியமாக. போன வாரம் ஒரு இன்ஜினியரை வரவழைத்தார்கள். அவர் திரையைப் பிரித்துப் போட்டு மூன்று நாள் பார்த்தார். கம்ப்யூட்டரில் கோளாறு, அது தப்பாக எண்ணிவிட்டது என்று சொன்னார். மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு அதையே சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர்கூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே உங்களிடம் வந்தேன். கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை ஐயா. அது தப்பாக எண்ணவும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது. அதற்குச் சொன்னவன் நான். பக்கத்தில் நின்று யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் என் விரலைப் பிடிக்கவில்லை. ஒரே தடவையில் பச்சை விளக்கு எரிந்தது.

கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்ன தண்டனை என்றாலும் கொடுங்கள், நான் கேட்கப்போவது ஒன்றுதான். அலுவலகக் கோப்பில் என் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறதே, கணினித் திறன் இல்லை என்று, அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.